மண்ணின் வரவும் செலவும்

பஞ்சாபில் நெல்லும் கோதுமையும் மாறிமாறிச் சாகுபடியாகும் நிலமொன்றை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் ஹெக்டேருக்கு 7 டன் நெல்லும் 4 டன் கோதுமையும் விளையுமானால், தானியமும் வைக்கோலுமாக அப்பயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து 300 கிலோவுக்கும் மேல். பொட்டாசியமும் ஏறத்தாழ அதே அளவு. பாஸ்பரஸ் 30 கிலோ. இவற்றுள் தானியத்துடன் சேர்ந்து சந்தைக்குச் செல்லும் பகுதி அந்நிலத்துக்குத் திரும்பி வருவதில்லை. டில்லியிலோ சென்னையிலோ உண்ணப்படும் கோதுமையில் உள்ள சத்து, அந்நகரங்களின் கழிவு நீரோடு ஆற்றிலும் கடலிலும் கலக்கிறது. ஆகவே, விளைச்சல் மிகுந்த நிலம் ஆண்டுதோறும் கடன்படும் நிலமாகும். அக்கடன் எதனால் அடைக்கப்படுகிறது, எவ்வளவு அடைக்கப்படாமல் நிற்கிறது என்பதே மண்வளம் பற்றிய விவாதத்தின் மையம்.

பழங்காலத்தில் இக்கடன் சிறிதாக இருந்தது. விளைச்சல் குறைவு, விளைந்ததன் பெரும் பகுதி கிராமத்திலேயே உண்ணப்பட்டது. கால்நடையின் சாணமும் தரிசு விடப்பட்ட பருவமும் பயறு வகைகளும் ஓரளவு கணக்கைச் சமன் செய்தன. இந்தியாவில் இரசாயன உரத் தொழில் 1906இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தயாரிப்புடன் தொடங்கியது எனினும், 1951இல் சிந்திரி தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னரே பெருமளவில் உரம் இடும் வழக்கம் பரவியது. குட்டை ரகக் கோதுமையும் நெல்லும் 1960களின் பிற்பகுதியில் வந்தபோது, அவற்றின் விளைச்சல் திறன் தழைச்சத்தை நம்பியே அமைந்திருந்தது. நாடு உணவு இறக்குமதியிலிருந்து விடுபட்டது இதனால்தான் என்பதை இன்றைய குறைகளைப் பேசுவோர் மறந்துவிடலாகாது.

யூரியா செல்லும் வழிகள்

நிலத்தில் இடும் யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. பஞ்சாப், ஹரியானா மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. இத்தகைய மண்ணில், தேங்கிய நீரின் மேல் தூவப்பட்ட யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. வயல் சற்றே உலரும்போது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண் துகள்கள் பற்றி வைத்துக்கொள்வதில்லை. அடுத்த பாசனத்தில் அது நீரோடு கீழே இறங்குகிறது. மணற்பாங்கான இருமண் நிலத்தில் இது எளிதில் நிகழும். கீழே இறங்காது எஞ்சிய நைட்ரேட், வயலில் மீண்டும் நீர் தேங்கிக் காற்று புகாத நிலை ஏற்படும்போது, வேறு வகை நுண்ணுயிர்களால் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றப்படுகிறது. இவ்வாறு நீர் கட்டுதலும் உலர்தலும் மாறிமாறி வரும் நெல் வயலில், இட்ட தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் இரண்டு பங்கு, பயிரைச் சேர்கிறது.

மிகுதி வீண் மட்டுமன்று. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாது என்பது இந்திய தர நிர்ணயம். உரமும் பாசனமும் மிகுந்த மாவட்டங்களில் ஆழமில்லாத கிணறுகள் சில இவ்வரம்பைத் தாண்டியுள்ளன. நைட்ரஸ் ஆக்சைடோ, நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. விவசாயி விலை கொடுத்து வாங்கிய சத்தே பருவநிலையைக் கெடுக்கும் வாயுவாக வெளியேறுகிறது.

பாஸ்பரஸின் நடத்தை இதற்கு மாறானது. அது எங்கும் ஓடிவிடுவதில்லை. இட்ட இடத்திலேயே சுண்ணாம்புடனும் இரும்புடனும் பிணைந்து கிடக்கிறது. நெல் வயலில் நீர் கட்டி நிற்கும்போது இரும்புடன் கூடிய பாஸ்பேட் கரைந்து பயிருக்குக் கிடைக்கிறது. ஆகவே கோதுமைக்குப் பரிந்துரைத்த அளவு மணிச்சத்து இட்டிருந்தால், அதைத் தொடரும் நெல்லுக்கு மீண்டும் இட வேண்டியதில்லை என்பது லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பரிந்துரை. இவ்வெளிய உண்மை ஒரு மூட்டை டி.ஏ.பி.யின் செலவை மிச்சப்படுத்தும். பாஸ்பேட் பாறையின் பெரும் பகுதியை நம் நாடு இறக்குமதி செய்வதால், அது அந்நியச் செலாவணியையும் மிச்சப்படுத்தும்.

பொட்டாசியத்தின் கதை இன்னும் நுட்பமானது. சிந்து-கங்கைச் சமவெளி மண்ணில் இல்லைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அதிலிருந்து பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளிப்படுவதால், சாம்பல் சத்து இடாமலேயே பல ஆண்டுகள் நல்ல விளைச்சல் கிடைத்தது. வங்கியிலுள்ள வைப்புத் தொகையை எடுத்துச் செலவிடுவோர் தமது வருமானம் குறையவில்லை என நினைப்பது போன்றது இது.

நுண்சத்துக்களில் முதலில் தலைகாட்டியது துத்தநாகப் பற்றாக்குறை. தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்தாற்போல் பழுப்பேறும் ‘கைரா’ என்னும் கோளாறுக்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்பதைப் பந்த்நகரில் ஒய்.எல்.நேனே 1966இல் கண்டறிந்தார். பின்னர் நாடெங்கும் எடுக்கப்பட்ட மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இக்குறை காணப்பட்டது. லேசான மணல் நிலங்களில் நெல்லுக்குப் பின் வரும் கோதுமையில் மாங்கனீஸ் குறைவு தோன்றுவதும் இவ்வகையே: நீர் தேங்கிய பருவத்தில் மாங்கனீஸ் கரைந்து வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

வைக்கோலின் மதிப்பு

பஞ்சாபில் ஆண்டுதோறும் கிடைக்கும் நெல் வைக்கோல் சுமார் 2 கோடி டன். கோதுமை வைக்கோலைப் பொடித்துக் கால்நடைக்குத் தீவனமாக்குவர். அதற்கு விலை உண்டு. சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலை அங்கு மாடுகளுக்கு இடும் வழக்கம் குறைவு. கூட்டு அறுவடை இயந்திரம் சென்றபின் வயலில் அரிதாளும் அதன்மேல் குவிந்த வைக்கோலும் கிடக்கும். நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது இரண்டு, மூன்று வாரங்களே. நவம்பர் நடுப்பகுதியைத் தாண்டி விதைத்தால் விளைச்சல் குறையும் என்பதை ஒவ்வொரு விவசாயியும் அறிவார். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் அரசு இயற்றிய சட்டம் நடவை ஜூன் 10ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தது. நோக்கம் நன்றேயாயினும், அறுவடையும் பின்தள்ளப்பட்டு இடைவெளி மேலும் சுருங்கிற்று. நீரைக் காக்க இயற்றிய சட்டம் தீக்கு வழி செய்தது என்று கூறுவது மிகையாகலாம். எனினும் தொடர்பு இல்லை என்று கூற இயலாது.

தீ வைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அது மண்ணுக்குள் இருக்கிறது. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 முதல் 80 பங்கு வரை கரி உள்ளது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் உடலிலோ இவ்விகிதம் ஏறத்தாழ 8-க்கு 1. வைக்கோலை உழுது மண்ணில் கலந்தவுடன் நுண்ணுயிர்கள் பெருகித் தமக்குத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்கின்றன. இளங்கோதுமைக்குச் சில வாரங்கள் பஞ்சம், இலை மஞ்சளாகிறது. இதைக் கண்ட விவசாயி, வைக்கோலை மடக்கினால் பயிர் கெடும் என முடிவு செய்ததில் வியப்பில்லை. நுண்ணுயிர்கள் மடியும்போது அந்த நைட்ரஜன் திரும்பி வரும் என்பதும், அதற்குள் கோதுமையின் பசி மிகுந்த பருவம் சற்றே கடந்துவிடலாம் என்பதும் அவருக்கு எடுத்துரைக்கப்பட வேண்டியவை.

ஒரு டன் நெல் வைக்கோலில் 5.5 கிலோ நைட்ரஜன், 2.3 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து, 1.2 கிலோ கந்தகம் உள்ளன. எரிக்கும்போது கரி முழுவதும், நைட்ரஜனில் 80 முதல் 90 சதவிகிதமும், கந்தகத்தில் பாதியும், மணிச்சத்தில் கால் பங்கும், சாம்பல் சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போய்விடுகின்றன. புகையினால் டில்லி வரை மக்களுக்கு நேரும் துன்பம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது; மண்ணின் கணக்கில் வரும் நட்டம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இங்கு அதிகாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எரிப்பதைத் தவிர்க்க வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டி மின் நிலையங்களுக்கும் கொதிகலன்களுக்கும் அனுப்பும் முறை இப்போது ஊக்குவிக்கப்படுகிறது. காற்றுக்கு அது நல்லது. ஆனால் வயலில் எரித்தால் சாம்பலாகவேனும் பெரும்பகுதி தங்கும் சாம்பல் சத்து, கட்டுகளாக வெளியேறும்போது முழுவதும் போய்விடுகிறது. இரண்டு கோடி டன் வைக்கோலில் உள்ள சாம்பல் சத்து 5 லட்சம் டன். அது பஞ்சாப் விவசாயிகள் ஓராண்டில் விலைக்கு வாங்கி இடும் சாம்பல் சத்தைப்போல் பல மடங்கு. வணிக அளவில் பொட்டாஷ் எடுக்கும் சுரங்கம் இந்நாட்டில் இல்லை. தேவை முழுவதும் இறக்குமதியே. மின் நிலையத்தின் சாம்பலை வயலுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இல்லாமல் வைக்கோலை வெளியேற்றுவது, ஒரு கணக்கின் பற்றை மற்றொரு கணக்கில் எழுதுவதாகும்.

வைக்கோலை வயலிலேயே வைத்துக்கொண்டு அதனூடே கோதுமையை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ என்னும் கருவி, பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக் கழகமும் ஆஸ்திரேலிய நிபுணர்களும் சேர்ந்து இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உருவாக்கியது. வைக்கோல் மண்ணின் மேலே மூடாக்காகக் கிடப்பதால் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுப்பது குறைவு. ஈரம் காக்கப்படுகிறது; களையும் குறைகிறது. இத்தகைய கருவிகளுக்கு 2018-19 முதல் மத்திய அரசின் மானியம் தனி விவசாயிக்கு 50 சதவிகிதமும், வாடகை மையங்களுக்கு 80 சதவிகிதமும் அளிக்கப்பட்டது. கருவியோ ஆண்டில் மூன்று வாரங்களே வேலை செய்கிறது. அதை இழுக்க வலுவான டிராக்டரும் வேண்டும். சிறு விவசாயி வாடகைக்கு எடுக்க முனையும்போது அக்கருவி வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். தீக்குச்சியின் விலைக்கு எதிராக இது நிற்க வேண்டியிருக்கிறது.

விலை காட்டிய வழி

தழை, மணி, சாம்பல் சத்துக்கள் 4:2:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது நீண்டகாலமாகக் கூறப்பட்டு வருகிறது. நாடு முழுமைக்கும் ஒரே விகிதம் என்பது விஞ்ஞானமன்று. பயறுக்கும் கரும்புக்கும் ஒரே தேவை இராது. ஆயினும் போக்கை அறிய இது ஒரு அளவுகோல். 1991-92இல் 5.9:2.4:1 ஆக இருந்த இவ்விகிதம், 1992 ஆகஸ்டில் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டவுடன் 1992-93இல் 9.5:3.2:1 ஆயிற்று. பின்னர் படிப்படியாகச் சீரடைந்து 2009-10இல் 4.3:2:1 வரை வந்தது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது யூரியா மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஏனைய உரங்களின் விலை ஏறியது. யூரியாவின் விலை நின்ற இடத்திலேயே நின்றது. 2012-13இல் விகிதம் மீண்டும் 8.2:3.2:1.

2018 முதல் 45 கிலோ மூட்டையாக விற்கப்படும் யூரியாவின் விலை, வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கான கட்டணமும் வரியும் நீங்கலாக 242 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதில் உள்ள தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். பயிரின் இலை பச்சையாக இருப்பதைக் கண்ணால் காணலாம். பொட்டாசியக் குறைவோ கந்தகக் குறைவோ எளிதில் புலப்படாது. மலிவானதும் உடனே பலன் காட்டுவதுமான உரத்தை விவசாயி கூடுதலாக இட்டால் அவரை அறியாமையின் பெயரால் குறைகூறுவது நியாயமன்று. விலைப் பட்டியல் கூறும் அறிவுரை, விரிவாக்க அலுவலர் கூறும் அறிவுரையை விட உரத்த குரலில் ஒலிக்கிறது. 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாக்கப்பட்டதும், உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியை வழங்கும் திட்டத்துக்கு 2023 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் அளித்ததும் இதைச் சரிசெய்யும் முயற்சிகளே. அடிப்படை விலை வேறுபாட்டை அவை தொடவில்லை.

நீண்டகாலச் சோதனைகள் கூறுவது

இவ்விஷயத்தில் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. அளந்து பார்த்த முடிவுகளுக்கே மதிப்பு அதிகம். கோயமுத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனையும், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1970 முதல் பல மையங்களில் நடத்திவரும் நீண்டகால உரச் சோதனைகளும் உலகின் அரிய பதிவுகளைச் சேர்ந்தவை. ஒரே நிலத்தில் ஒரே முறையில் ஆண்டுக்கணக்காக உரமிட்டு வந்ததில் சில உண்மைகள் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டன. தழைச்சத்தை மட்டும் இட்டு வந்த பாத்திகளில் விளைச்சல் நாளடைவில் சரிந்தது. இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூர், பீகாரிலிருந்து பிரிந்து ஜார்க்கண்ட் ஆன பகுதியிலுள்ள ராஞ்சி ஆகிய இடங்களின் அமில மண்ணில் நிலைமை இன்னும் மோசமானது. அமிலத்தன்மை மேலும் கூடி, பாலம்பூரில் அத்தகைய பாத்திகளில் மக்காச்சோளம் விளைவதே நின்றுபோயிற்று. மூன்று சத்துக்களையும் சேர்த்து இட்ட இடங்களில் விளைச்சல் பெரும்பாலும் நிலைத்தது; அவற்றுடன் தொழு உரமும் சேர்ந்த இடங்களில் அது மிக உயர்ந்தும் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாமலும் இருந்தது. அமில மண்ணில் சுண்ணாம்பும் அவ்வாறே உதவியது.

எதிர்பார்ப்புக்கு மாறான முடிவுகளும் உண்டு. உரமிட்ட நிலத்தில் அங்ககக் கரி அழிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பஞ்சாப் முழுவதிலிருந்தும் சோதனைக்கு வந்த மண் மாதிரிகளின் கால் நூற்றாண்டுப் பதிவை ஆராய்ந்தபோது, 1981-82இல் 0.29 சதவிகிதமாக இருந்த அங்ககக் கரி 2005-06இல் 0.40 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. வைக்கோல் எரிந்தபோதிலும், விளைச்சல் பெருகப் பெருக வேரும் அடித்தாளும் பெருகி மண்ணில் தங்கியதே காரணம். 0.40 சதவிகிதம் இன்னும் தாழ்ந்த அளவேயாயினும், உரம் என்றாலே நஞ்சு எனும் வாதத்துக்கு இப்பதிவு இடம் தரவில்லை.

எருவால் மட்டும் எல்லாம் ஆகிவிடும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவிகிதம். கோதுமைக்கு வேண்டிய 120 கிலோவை அதிலிருந்தே பெற ஹெக்டேருக்கு 24 டன் தேவை. டிராக்டர் வந்தபின் மாடுகள் குறைந்த கிராமத்தில் அது எங்கிருந்து வரும்? இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, நெல்லும் தேயிலையும் பாதிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது அண்மைக்கால அனுபவம்.

வெப்பம் ஏறும்போது

மண்ணிலுள்ள அங்ககப் பொருள் சிதையும் வேகம், வெப்பநிலை 10 டிகிரி உயர ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே இதே அளவு கரியை மண்ணில் நிறுத்தி வைக்க இனி அதிக வைக்கோலும் அதிக எருவும் திருப்பித் தர வேண்டியிருக்கும். பலத்த மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் நாட்கள் கூடினால், அதற்கு முந்திய நாள் இட்ட யூரியா நைட்ரேட்டாகவோ வாயுவாகவோ போய்விடும்.

2022 மார்ச் மாதம் 122 ஆண்டுப் பதிவுகளில் நாட்டின் மிக வெப்பமான மார்ச் ஆகும். பால் பிடிக்கும் பருவத்தில் கோதுமை வெந்து, மணிகள் சுருங்கின. அந்த ஆண்டு மே 13ஆம் நாள் கோதுமை ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அத்தகைய ஆண்டில், முழு விளைச்சலுக்கு எனக் கணக்கிட்டு முன்கூட்டியே இட்ட உரம் பயிருக்குப் பயன்படாது மண்ணில் நின்று கசியும். வைக்கோல் மூடாக்கும் உரிய காலத்து விதைப்பும் இவ்வெப்பத்தை ஓரளவு தாங்க உதவுகின்றன; சத்தைக் காப்பதற்கான முறையே வெப்பத்தைத் தாங்கும் முறையாகவும் அமைகிறது. காற்றில் கரியமில வாயு கூடுவதன் மற்றொரு விளைவு உணவுத் தட்டில் தெரியும். வாயுவின் அளவைச் சுமார் 550 பங்குக்கு உயர்த்தி வயலில் வளர்த்துப் பார்த்தபோது கோதுமையின் துத்தநாகம் 9 சதவிகிதமும் புரதம் 6 சதவிகிதமும் குறைந்தன. துத்தநாகம் ஏற்கெனவே குறைந்த மண்ணுக்கு இது இரட்டைக் குறை.

இலையைப் பார்த்து உரமிடல்

2015 பிப்ரவரி 19இல் இராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் 12 இனங்கள் சோதிக்கப்படுகின்றன. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி. பாஸ்பரஸ், துத்தநாகம், அமிலத்தன்மை ஆகியவற்றுக்கு இவ்வட்டை நல்ல வழிகாட்டி. நைட்ரஜனுக்கு அவ்வளவாக அன்று. அது வாரத்துக்கு வாரம் மாறுவது. அதற்கு உகந்தது பயிரையே கேட்பது. பச்சை நிறத்தின் படிகள் அச்சிடப்பட்ட இலை வண்ண அட்டையை நெல்லின் இளம் இலையோடு ஒப்பிட்டு, நிறம் நான்காம் படிக்குக் குறைந்தால் மட்டும் ஏக்கருக்கு 25 கிலோ யூரியா இடுமாறு பஞ்சாபில் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு பிளாஸ்டிக் பட்டைதான், விலை அற்பம். விளைச்சல் குறையாமல் யூரியா மிச்சமாகிறது. இதைவிடச் சிக்கனமான கருவி வேளாண்மையில் அரிது; ஆயினும் புதிய திட்டங்களின் ஆரவாரத்தில் இது பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

பசுந்தாள் உரத்துக்கும் பஞ்சாபில் இடம் உண்டு. ஏப்ரல் நடுவில் கோதுமை அறுவடையாகி, ஜூன் நடுவில் நடவு நிகழும் வரை நிலம் சும்மா கிடக்கிறது. அவ்விடைவெளியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40 முதல் 50 நாட்களில் மடக்கி உழுதால் நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ தழைச்சத்து, அதாவது 55 கிலோ யூரியா, மிச்சமாகும். அதன் மென்மையான தழை விரைவில் மட்கிவிடுவதால், வைக்கோலைப்போல் பயிரைப் பசி கிடக்கச் செய்வதில்லை. தடை வேறோரிடத்தில் இருக்கிறது. மே மாதக் கடும் வெயிலில் அதற்கு மூன்று, நான்கு முறை பாசனம் வேண்டும். நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கும் வட்டங்களில், யூரியாவை மிச்சப்படுத்த நீரை இறைப்பது லாபமாகாது. கால்வாய்ப் பாசனம் எட்டும் கிராமங்களில் அது லாபமாகும். அங்கு ஏப்ரல் இறுதிக்குள் விதை கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பில் இருக்க வேண்டும். கால்வாயின் முறைப் பட்டியலிலும் மே மாதத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.